எங்கட ஊர் விற்பனைக்கு

எங்கள் ஊர் விலைக்கு வந்திருக்கிறதாம்.

சொன்னவர் காணித் தரகர் அல்ல. அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்ப்பவரும் அல்ல. சாய்ந்தமருதைச் சேர்ந்த முபாறக். சவூதியில், தம்மாமில் ஒரு கம்பனிக்கு லொறி ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலை, அங்கிருந்து பரீதாவின் கடைக்கு போன் எடுத்தார். ஸலாம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வியே அதுதான். ஊரை விற்கப்போகிறார்களாமே, உண்மையா?

நான் அப்போது அங்கேதான் நின்றேன். பள்ளிக்கூடம் போகிற வழியில் வினாத்தாள் ஒன்றைப் போட்டோக்கொப்பி எடுக்க வந்திருந்தேன். பரீதா சிரித்துவிட்டார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். போனின் மறுபக்கத்தில் இருந்தவர் சிரிக்கவில்லை.

பரீதா யார்? கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போகும் பெரிய வீதியில், தன் வீட்டு முன்னறையைக் கடையாக்கி, கொமியுனிக்கேஷன் சென்டர் நடத்துகிறவர். கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு போன் கூண்டுகள், ஒரு பேக்ஸ், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், பூப்போட்ட துணியால் மூடிய ஒரு கொம்பியூட்டர். கட்டார், குவைத், சவூதி என்று ஆண்கள் போய்விட்ட வீடுகள் எங்கள் பக்கத்தில் எத்தனை? அந்த வீட்டுப் பெண்களெல்லாம் புருஷனோடு கதைக்க வருவது பரீதாவிடம்தான்.

அவரோடு கூட வேலை செய்பவர் யோகராணி. பாண்டிருப்புத் தமிழ்ப் பெண். இரண்டு பேரும் ஒரே டைப்பிங் கிளாஸில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் தட்டிப் படித்தவர்கள். இடையில் வந்த கெட்ட வருடங்களில் அந்தப் பக்கத்து ஆள் இந்தப் பக்கம் வராமலும், இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போகாமலும் இருந்த காலம் உங்களுக்குத் தெரியும். நான் விளக்கத் தேவையில்லை. அது கொஞ்சம் அடங்கிய பிறகு ஒருநாள் யோகராணி சைக்கிளில் வந்து இறங்கி, வேலை ஏதும் இருக்கிறதா என்று கேட்டாராம். பரீதா ஒரு கதிரையை இழுத்துப் போட்டாராம். நேர்முகப் பரீட்சை அவ்வளவுதான்.

இந்த இரண்டு பேரும் ஒரு வெப்சைட் நடத்துகிறார்கள்.

வெப்சைட் என்றால் என்ன என்று கேட்டு எனக்கு எழுதிவிடாதீர்கள். எனக்கும் இப்போதுதான் விளங்கத் தொடங்கியிருக்கிறது. கொம்பியூட்டரில் விரிகிற ஒரு பத்திரிகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தட்டினால் தோஹாவில் தெரியும். பெயர், 'எங்கட ஊர் டொட் கொம்'. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தவர் பரீதாவின் தம்பி நிசார். தோஹாவில் கொம்பியூட்டர் வேலை.

அதில் என்ன இருக்கும்? பெரிய அரசியல் ஒன்றும் இல்லை. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது. யார் மௌத்து, எத்தனை மணிக்கு நல்லடக்கம். யாருக்கு யாரோடு கலியாணம். சோதனையில் எந்தப் பிள்ளை நல்லாகச் செய்தது. இறக்காமத்தில் வயலுக்குள் யானை புகுந்தது. பாண்டிருப்பில் தீ மிதிப்புக்குக் கொடி ஏறியது. விநாயகபுரத்தில் வலை நிறைய மீன். மழை வந்ததா, இல்லையா.

வெளிநாட்டுக் கொம்பியூட்டர்களில் தமிழ் எழுத்து வராது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவார்கள். அதில் தமாஷ் நடக்கும். 'பள்ளியில் கூட்டம்' என்று போட்டதை ஒருவர் 'பல்லியில் கூட்டம்' என்று வாசித்துவிட்டு, என்ன பல்லி, எத்தனை பல்லி என்று குவைத்திலிருந்து விசாரித்தார்.

விடிய சுபஹ் தொழுத கையோடு, லைன் நெரிசல் இல்லாத நேரத்தில், பரீதா கொழும்பு இன்டர்நெட் லைனுக்கு டயல் பண்ணிச் செய்தியை அனுப்பிவிடுவார். தோஹாவில் நிசாரின் கூட்டாளி ஒருவர் அதைக் கடதாசியில் அடித்து, வேலையாட்கள் தங்கும் காம்பின் சாப்பாட்டு மண்டபத்தில் ஒட்டுவார். சோற்றுத் தட்டோடு நின்றபடியே ஊரை வாசிப்பார்களாம். யோகராணியின் மாமா லண்டனில். அவரும் வேலைக்குப் போக முதல் ஒருதரம் பார்க்காவிட்டால் அந்த நாள் சரிவராது என்பாராம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில்தான் அந்தப் போன் வந்தது.

முபாறக்கின் மனைவி ரிஸானாவுக்கு அது நிறைமாதம். இன்றைக்கா, நாளைக்கா என்று இருந்த நேரம். நினைத்த நேரத்தில் ஊருக்கு போன் எடுக்க அவரால் முடியாது. ஆகவே தினமும் விடியுமுன், லொறி எடுக்கும் நேரத்தில், கம்பனியின் மலையாளிக் கிளார்க்கிடம் போய், வெப்சைட்டைத் திறந்து பார்க்கச் சொல்வார். அன்றும் திறந்திருக்கிறார்கள். பிள்ளைச் செய்தி இல்லை. மௌத்துச் செய்தி இல்லை. மழையும் இல்லை, யானையும் இல்லை. வெள்ளைப் பக்கத்தின் நடுவே இங்கிலீஷில் ஒற்றை வரி... எங்கட ஊர் விற்பனைக்கு. விரும்பியவர்கள் தொடர்புகொள்ளலாம்.

அந்தக் கிளார்க் அதை முபாறக்குக்கு நேர்மையாக மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார். உங்களுடைய ஊரை யாரோ விற்கிறார்கள்.

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் தம்மாமில் லொறிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதனை நினைத்துப் பாருங்கள். உடுத்த உடுப்போடு ஊரைவிட்டு வெளிக்கிட்டவர்களை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம். பின்னேரம் இருந்த வீடு விடிய இல்லாமல் போனதையும் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு மண்ணிலிருந்து போனவனுக்கு, ஊர் விலைக்குப் போகிறது என்பது நம்ப முடியாத செய்தியா என்ன?

பரீதா அவருக்குச் சொன்னதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ரிஸானாவை நேற்றுப் பின்னேரம் கண்டேன், நல்ல சுகம், வீதியில் இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், டீச்சர்கூட இங்கேதான் நிற்கிறா என்றார். சொல்லிவிட்டு போனை வைத்து, பூப்போட்ட துணியை எடுத்து, கொம்பியூட்டரைப் போட்டார். கொழும்பு லைன் கிடைக்க நேரம் எடுத்தது.

கிடைத்தது. பரீதா, யோகராணி, நான், மூன்று பேரும் பார்த்தோம். கிளார்க் சொன்னதில் பிழையில்லை. எங்கட ஊர் விற்பனைக்கு.

அதற்குள் அடுத்த போன். அதற்கு அடுத்தது. கதை காம்ப் காம்பாகப் போய்விட்டது. தம்மாமில் 'விற்கப்போகிறார்கள்' என்று இருந்தது, ரியாத்துக்குப் போகும்போது 'விற்றுவிட்டார்கள்' ஆகிவிட்டது. குவைத்துக்குப் போகும்போது, ஊரைவிட்டு எழும்பச் சொல்லி ஆட்களுக்கு அறிவித்தலும் கொடுத்தாயிற்று. ஒருவர் தன்னுடைய கிணற்றுக் காணியும் அதில் அடக்கமா என்று கேட்டு அழுதார். உள்ளே வருகிற போனால் வெளியே எடுக்க லைன் இல்லை. கூண்டுக்கு வெளியே பெண்கள் வரிசையில் நின்றார்கள். நான் அன்று பள்ளிக்கூடத்துக்குப் பிந்தித்தான் போனேன். வினாத்தாளும் பிந்தியது. பிள்ளைகள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

என்ன நடந்தது என்பது பின்னேரம்தான் விளங்கியது. நிசார் தோஹாவிலிருந்து கதைத்தார். குரல் உள்ளே போயிருந்தது.

விஷயம் இதுதான். இன்டர்நெட்டில் ஒரு பெயரை வாங்கினால் அது நமக்குச் சொந்தமில்லையாம். வாடகைக்குத்தானாம்! குறித்த காலம் முடியுமுன் திரும்பவும் பதிய வேண்டும். அதை ஞாபகப்படுத்தி, பெயரைக் கொடுத்த அமெரிக்கக் கம்பனி ஈமெயில் அனுப்பும். அனுப்பித்தான் இருக்கிறது. ஒருமுறையல்ல, பலமுறை. ஆனால் நிசார் பதியும்போது கொடுத்தது தன் பழைய கம்பனி ஈமெயிலை. இடையில் அவர் வேலை மாறிவிட்டார். ஆள் இல்லாத மேசைக்கு அந்த ஈமெயில்கள் வந்து வந்து கிடந்திருக்கின்றன. காலம் முடிந்தது. கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு பெயரை வெளியே விட்டுவிட்டார்கள்.

வெளியே விட்ட பெயரை யாரும் எடுக்கலாம். இப்படி விழுகிற பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்து எடுத்து வைத்து விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்களாம். எங்கள் பெயரை எடுத்தவர் அமெரிக்காவில் ஏதோ ஒரு ஊரில் இருக்கிறார். 'எங்கட' என்றால் என்ன, 'ஊர்' என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியுமா? தெரியாது. யாரோ பாவித்த பெயர், பாவித்தவர்களுக்குத் திரும்பவும் தேவைப்படும். அவருக்கு அது போதும்.

எழுதிய செய்தி எல்லாம் அப்படியே இருக்கிறது, ஒன்றும் அழியவில்லை என்று நிசார் சொன்னார். ஆனால் அந்தப் பெயரைத் தட்டினால் இனி யாரும் அங்கே போய்ச் சேர மாட்டார்கள். கடை இருக்கிறது, சாமான் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் வேறொருவனின் காணியில் நிற்கிறது.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு ஒருமுறை பெயர் வைத்தால் மௌத்தாகும் வரைக்கும் அந்தப் பெயர்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து புதுப்பித்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் உன் பெயரைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று யாராவது சொல்வார்களா? இந்த டொட் கொம் உலகத்தில் சொல்கிறார்கள்.

மறுநாள் கபூர் ஹாஜியார் வந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவர். ஊரில் நல்லது கெட்டதென்றால் முன்னுக்கு நிற்கிற மனிதர். கூட இரண்டு பேர். நான் பின்னேரம் விஷயம் அறியலாம் என்று போயிருந்தேன். யோகராணி கொம்பியூட்டருக்கு முன்னால்.

ஹாஜியாரின் முதல் சந்தேகம், இது அந்த இரண்டாயிரமாம் ஆண்டு வருத்தமா என்பது. வருடம் பிறக்கும்போது உலகத்துக் கொம்பியூட்டர் எல்லாம் குழம்பப்போகிறது என்று பேப்பரில் வருகிறதே, அது எங்கள் ஊருக்கு மட்டும் முந்தி வந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்று யோகராணி விளங்கப்படுத்தினார். ஹாஜியார் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, பரீதாவைப் பார்த்தார்.

"இது ஊர்ட மானம் மகள். அவன் எவ்வளவு கேக்கிறான் எண்டு கேளுங்க. பள்ளியில சொல்லிச் சேர்ப்பம். ஒருத்தரும் பின்னுக்கு நிக்க மாட்டாங்க."

அவர் அதை மனசோடு சொன்னார். சேர்த்தும் கொடுத்திருப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கூட வந்த இரண்டு பேரும் தலையாட்டினார்கள். நானும்கூட, சரி, இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

பரீதா முந்தானையைத் தலையில் சரிசெய்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க சொன்னதே பெரிய விசயம் ஹாஜியார். ஆனா வேணாம். எங்கட பேர எங்களுக்கே விக்கிற ஆளுக்கு ஒருக்காக் குடுத்துப் பழகினா, பிறகு அவன்ட வாசல்லதான் நிக்க வேணும். காலம் முடியிறத்த நான் பாத்திரிக்க வேணும், பாக்கல்ல. அது என்ட பிழை. அதுக்கு ஊர் காசி குடுக்கத் தேவல்ல. அந்தப் பேர் அவனோடயே இரிக்கட்டும். நாங்க வேற பேர் வெப்பம்."

ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு இருந்தார். வேறு பெயர் வைத்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. வெப்சைட்டைப் பார்க்க வருகிறவனுக்கு வெப்சைட் மாறிவிட்டது என்று எதில் அறிவிப்பது? பழைய பக்கத்தில் இனி ஒரு எழுத்துக்கூடப் போட முடியாது.

பரீதா கண்ணாடிக் கூண்டுகளைப் பார்த்தார். அப்போதும் உள்ளே இரண்டு பெண்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மர வாங்கில் உட்கார்ந்தபடி இன்னும் கொஞ்சப் பேர்.

"இந்தா, தினம் இவங்க எல்லாரும் அங்கதானே கதைக்காங்க. இவங்க சொல்லுவாங்க."

ஹாஜியார் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம். சரி மகள், உங்கள் விருப்பம் என்று எழும்பினார். எழும்பும்போது ஒன்று மட்டும் சொன்னார். இம்முறை பெயரை ஒரு சங்கத்தின் பெயரிலோ, பொறுப்பான ஆண்கள் யாருடைய பெயரிலோ பதிந்தால் பாதுகாப்பு இல்லையா?

நான் பொதுவாக இப்படிப்பட்ட இடங்களில் வாய் திறப்பதில்லை. அன்று திறந்தேன். எங்கள் பக்கத்தில் வீட்டை யாருக்கு எழுதுகிறோம் ஹாஜியார் என்று கேட்டேன்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு நான் கேட்டது விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான். முஸ்லிம் வீடென்றாலும் சரி, தமிழ் வீடென்றாலும் சரி. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். ஹாஜியாரும் அப்படி மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர்தான். தன்னுடைய ஐந்து பெண்மக்களுக்கும் வீடு கட்டி எழுதிக்கொடுத்தவர்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "அது சரிதான் டீச்சர். வீடு எண்டா பொம்புளைப் புள்ளைகளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது பெயர்.

பரீதா ஏதேதோ சொல்லிப் பார்த்தார். கடல் வந்தது, வயல் வந்தது, நிலா வந்தது. ஒன்றும் வாயில் ஒட்டவில்லை. யோகராணி, கைகளைக் கீபோர்டில் வைத்தபடியே, 'நம்மட ஊர்' என்று வைத்தால் என்ன என்று கேட்டார்.

பரீதா திரும்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. யோகராணிதான் சொன்னார்.

"எங்கட எண்டா, பக்கத்தில நிக்கிறவன் இது ஆர்ட எண்டு யோசிப்பான். நம்மட எண்டா யோசிக்க ஒண்டும் இல்லத்தானே."

கூண்டுக்குள் ஒரு பெண் புருஷனிடம் மழை பெய்ததைச் சொல்வது மட்டும் கேட்டது.

ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில்தான் வாயைத் திறக்கும்போதே, கேட்கிறவனை உள்ளே எடுப்பதா, வெளியே நிறுத்துவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பரீதா பெயர் வைத்தபோது யாரையும் வெளியே நிறுத்த நினைத்தவர் அல்ல. அது எனக்குத் தெரியும். யோகராணிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு வருடமாக ஒன்றும் சொல்லாமல், பாண்டிருப்புச் செய்தியையும் காரைதீவுச் செய்தியையும் அந்தப் பெயரின் கீழ் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று பரீதா கேட்டார். வைத்த பெயரை மாற்றச் சொல்வது சரியில்லைத்தானே என்றார் யோகராணி. பரீதா எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். "தட்டுங்க யோகா. அது ஆருக்கும் போயிட்டா பாப்பம்."

போகவில்லை. அந்தப் பெயர் எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்ததுபோல் அப்படியே கிடந்தது.

நிசார் அங்கிருந்து தன் கார்டில் பணத்தைக் கட்டினார். ஆனால் ஈமெயில் இம்முறை கடையின் ஈமெயில். பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் பரீதாவின் பெயர். நிர்வாகம் என்ற இடத்தில் யோகராணியின் பெயர். கீழே கல்முனை, ஸ்ரீலங்கா. உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறவரும் இந்தப் பெயர் யாருடையது என்று தேடினால் அந்த இரண்டு பெயர்களும் வருமாம். யோகராணி அதைத் திரையில் எனக்குக் காட்டினார். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாசித்த வரியையே இன்னொருமுறை வாசித்தேன். ஒரு பரீதா. ஒரு யோகராணி. ஒரே முகவரி. இப்படி எழுதின ஒரு கடதாசியை இந்தப் பக்கத்தில் நான் கண்டு எவ்வளவோ காலம்.

இனித்தான் பெரிய வேலை.

யோகராணி புதுப்பெயரைப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் அடித்து இரண்டு கூண்டுக்குள்ளும் ஒட்டினார். போன் எடுக்க வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் பரீதாவின் வேண்டுகோள் ஒன்றுதான். ஸலாம் சொன்னவுடன், வேறு கதைக்குப் போகமுன், இதை எழுத்துக்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அவரை எழுதி எடுக்கச் சொல்லுங்கள். காம்பில் உள்ளவர்களுக்கும் சொல்லச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்குக் காசு எடுக்க மாட்டேன்.

என்... ஏ... எம் ரெண்டு... ஏ... டி... ஏ... ஓ ரெண்டு... ஆர்.

வாசகர்களே, அந்த நாட்களில் நீங்கள் அந்தக் கடையில் ஒருமணி நேரம் நின்றிருக்க வேண்டும்! இங்கிலீஷ் எழுத்து தெரிந்தவர்கள் வாசித்தார்கள். தெரியாதவர்கள் வாங்கில் இருந்தபடியே பாடமாக்கினார்கள். உள்ளே ஒருவர் தடுமாறினால் வெளியே வரிசையில் நின்றவர்கள் சேர்ந்து சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு மாமி தன் மகனுக்கு எம் ஒன்றா இரண்டா என்ற பிரச்சினையில், மருமகளைப் பற்றி முறையிட வந்த விஷயத்தையே மறந்துபோனார். புருஷனோடு கோபித்துக்கொண்டு ஒரு மாதமாகக் கதைக்காமல் இருந்த ஒரு பிள்ளை, எழுத்தைச் சொல்வதற்காக மட்டும் எடுத்தது. எழுத்துச் சொல்லி முடிந்த பிறகும் கூண்டைவிட்டு வெளியே வர நெடுநேரம் ஆனது. அது அவர்கள் பாடு.

யோகராணி தன் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். லண்டன் மாமாவுக்குச் சொன்னால் போதும், அவர் ஒருவரே ஒரு வானொலி நிலையம் என்றார்.

ஹாஜியாரும் சும்மா இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளியில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் எழும்பி, ஊர் விற்பனைக்கு இல்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்று அறிவித்தார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் அதுவரை அந்தக் கதையே காதில் விழாதவர்கள் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள். அடுத்தநாள் இறக்காமத்திலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து, வயலையும் சேர்த்தா விற்கப்போனார்கள் என்று கேட்டார்.

இதற்கிடையில் ரிஸானாவுக்குப் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை.

ரிஸானாவின் உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கடைக்கு வந்தார். மகள் பட்ட பாட்டை அவர் முகம் சொன்னது. பிரசவம் லேசாக இருக்கவில்லை. ஒரு கட்டத்தில் டொக்டர்மாரே பயந்துவிட்டார்கள். இப்போது இரண்டு உயிரும் நலம். அதை மருமகனுக்குச் சொல்ல வேண்டும்.

அன்று பார்த்துத் தம்மாம் லைன் கிடைக்கவில்லை. பரீதா டயல் பண்ணினார். யோகராணி டயல் பண்ணினார். ஒரே பிஸி. கிடைத்த ஒரேயொரு தரமும் மணி அடித்து அடித்து நின்றது. முபாறக் லொறியில் எங்கே போயிருக்கிறாரோ. பின்னேரம் வரைக்கும் அந்த உம்மா வாங்கைவிட்டு எழும்பவில்லை. குடித்த தேத்தண்ணியும் பாதியில் ஆறிப்போயிருந்தது. என் மருமகன் சாப்பிடாமல் கிடப்பான் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் சுபஹுக்குப் பிறகு பரீதா புது வெப்சைட்டில் அதைப் போட்டார். புதுப்பெயரில் போன முதல் பிள்ளைச் செய்தி. சாய்ந்தமருது, முபாறக் - ரிஸானா தம்பதிக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

போட்டது சரி. யார் பார்ப்பார்கள்? முபாறக்குக்குப் பழைய பெயர்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் இன்னமும் ஊர் விலைக்குத்தான் கிடந்தது. ரிஸானா ஆஸ்பத்திரியில் இருந்தபடியால் முபாறக்குக்குப் புதுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லவும் வீட்டில் ஆள் இல்லை.

நான் முதல் மணிக்குமுன் கடைக்குப் போனேன். போகத் தேவையில்லை, ஆனாலும் போனேன். பள்ளிக்கூட மணியும் கேட்டுவிட்டது. கிளம்பலாம் என்று குடையை எடுத்த நேரம் போன் அடித்தது.

பரீதா எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டதாம். பரீதா எதையோ புரிந்துகொண்டு, ஸ்பீக்கரைப் போட்டார்.

முபாறக்தான். அவருடைய காம்பில் மருதமுனைக்காரர் ஒருவர். அந்த ஆளின் மனைவி கூண்டுக்குள் நின்று சொன்ன எழுத்துகளை அவர் சிகரெட் பெட்டி அட்டையில் எழுதி வைத்திருந்திருக்கிறார். விடியுமுன் அந்த அட்டையைக் கொண்டுபோய்க் கிளார்க்கின் மேசையில் வைத்திருக்கிறார்கள். கிளார்க் தட்டியிருக்கிறார். அர்த்தம் தெரியாமலே ஒவ்வொரு எழுத்தாகச் சத்தமாக வாசித்திருக்கிறார்.

"சுகம் எண்டு போட்டிருந்திச்சி தாத்தா" என்றார் முபாறக். பரீதாவை அவர் அக்கா முறையில் கூப்பிடுவார். "ரெண்டு பேரும் சுகம் எண்டு. அது மெய்யா?"

"மெய்தான் தம்பி. நாங்க பாக்காம ஒண்டும் போடுறல்ல."

அவர் அழுதார். பரீதா அழ விட்டார். யோகராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் எங்கேயோ பார்த்தேன். வாங்கில் இருந்த பெண்கள் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. இருக்காதா? அந்தச் செய்தியை அவ்வளவு தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அவர்கள்தானே. மைக்கும் இல்லை, பத்திரிகையும் இல்லை. எழுத்தைப் பாடமாக்கி, வாய்வழியாகக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள்.

இப்போது புது வெப்சைட்டுக்கு வருகிறவர்கள் முன்பைவிட அதிகமாம். முபாறக்கின் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது வெட்டிய ஆடு எத்தனை கிலோ என்றுகூட ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். திருக்கோவிலிலிருந்தும் பொத்துவிலிலிருந்தும் தாங்களும் செய்தி தரலாமா என்று கேட்டு வந்திருக்கிறார்கள். தாராளமாகத் தரலாம். பெயரே அப்படித்தானே.

பழைய பெயரை வைத்திருக்கிற அமெரிக்கக்காரர் சும்மா இருக்கவில்லை. எங்கேயோ தேடிப்பிடித்துப் பரீதாவின் ஈமெயிலுக்கு எழுதியிருக்கிறார். முதலில் ஒரு பெரிய விலை. பரீதா பதில் போடவில்லை. பிறகு அதில் பாதி. அதற்கும் பதில் இல்லை. போன கிழமை வந்ததில், நீங்களே ஒரு விலை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கடைசி வரி கிட்டத்தட்டக் கெஞ்சல்.

யோகராணி அதை எனக்கு வாசித்துக் காட்டினார். பாவம், ஒரு வரியாவது எழுதிவிடலாமே என்றேன்.

பரீதா கூண்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"என்னத்த எழுதிற டீச்சர்? ஆக்கள் இல்லாத ஊர வாங்கி வெச்சிட்டு நிக்காரு அந்த மனிசன்."